போன்னு சொன்னா போயிடறதா?

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி வெச்சுக்கறீங்களா தம்பி? இந்தக் காலை நீட்டணும். மடக்கி வெச்சா கெண்டைக்கால் சுருட்டி இழுக்குது. ஆங், போதும் போதும். ரொம்ப நன்றி. எதுவரைக்கும்? ஊட்டியா? நானும் ஊட்டிதான். மஞ்சனக்கொரையில வீடு.

முன்னாடி லேடீஸ் சீட்டுல மெரூன் சால்வை போட்டுத் தூங்கறாங்களே, அது என் வீட்டம்மா. இந்திராணி. கழுத்துல தொங்குது பாருங்க, அது மெடல். மெட்ராஸ்ல இருந்து ரயில்ல அதைப் போட்டுக்கிட்டேதான் வந்தா. கழட்டி வையி, மூஞ்சியில குத்தப் போகுதுன்னேன். குத்தட்டும்னா. மேட்டுப்பாளையத்துல பஸ் ஏறும்போது இந்த சீட்டு ரெண்டும் காலியாத்தான் இருந்துச்சு. உங்களுக்குக் கால் நீட்ட இடம் வேணுமில்லன்னு சொல்லிட்டு அவ முன்னாடி போய் உக்காந்துட்டா. அக்கறையாம். கேக்கறவங்களுக்கு அக்கறை மாதிரிதான் தெரியும்.

நீங்க கல்யாணம் ஆனவரா? சரி, அப்ப உங்ககிட்ட சொன்னா புரியும். ஒரே ஒரு விஷயத்துக்கு நீங்க நியாயம் சொல்லணும். புருஷன் நடுரோட்டுல, கொட்டற மழையில, கால் இழுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீ போன்னு சொல்றான். பொண்டாட்டி போயிடறதா? போன்னு சொன்னா போயிடறதா?

இல்லை, அவசரப்படாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேர் தவமணி. கவர்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். ஆயிரத்தி ஐநூறு மீட்டர் ஓட்டத்துல எண்பத்தியேழுல மாவட்டத்துக்கே முதல் ஆள் நான். அந்த சர்டிபிகேட் இன்னும் ஹால்ல மாட்டியிருக்கு. அம்பத்தஞ்சு வயசாச்சு, ரிடையர் ஆறதுக்குள்ள ஒரு முழு மாரத்தான் ஓடிடணும்னு ஆசை. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். போன வருஷம் ஆடி மாசம் பிராக்டிஸ் ஆரம்பிச்சேன். வீட்டுல இருந்து லவ்டேல் பக்கம் போய்ச் சுத்தித் திரும்பினா பத்து கிலோமீட்டர். பைக்ல போய் நானே அளந்து வெச்சது.

அவ அங்கன்வாடி டீச்சர். தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஏறி இறங்கி மூணு கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போறவ. அவளுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. நான்தான் கூட வரச் சொன்னேன். பாதி வழியில தண்ணி பாட்டிலும் துண்டும் வெச்சுக்கிட்டு நிக்கணும், நான் வரும்போது குடுக்கணும், அவ்வளவுதான் வேலை. ஆடி மாசக் காத்து எங்க ஊர்ல எப்படி இருக்கும்னு வந்து பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் நின்னா. எட்டாவது நாள், "என்னங்க, நின்னா குளிருது. நானும் கொஞ்சம் ஓடிட்டு இருக்கேனே"ன்னா. ஓடுன்னேன். யாரு சொன்னது? நான்தான் சொன்னேன். அதை மறந்துடக் கூடாது. அவளை ஓட வெச்சதே நான்தான்.

மொதல்ல ஒரு கிலோமீட்டர் ஓடினா. அப்புறம் மூணு. ஆவணி முடியறதுக்குள்ள முழுச் சுத்தும் ஓடிட்டா. நான் முன்னாடி போவேன், அவ பின்னாடி வருவா. அது வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான் தம்பி. பொய் சொல்லலை. ஸ்டாப் வாட்ச் வெச்சுக்கிட்டு வாசல்ல நிப்பேன். அவ வந்து சேர்ந்ததும் நேரம் சொல்லுவேன். எழுபத்திரண்டு நிமிஷம். எழுபது நிமிஷம். ஒவ்வொரு வாரமும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

குறையட்டும், நல்லதுதானே. ஆனா குறையறதுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

கார்த்திகையில உறைபனி ஆரம்பிச்சுது. காலையில புல்லு மேல உப்பு தூவின மாதிரி இருக்கும். குழாயைத் திறந்தா தண்ணி வராது, உள்ளேயே உறைஞ்சு கிடக்கும். மூச்சு உள்ள போகும்போது நெஞ்சுல கத்தி வெச்சு இழுக்கற மாதிரி இருக்கும். அந்தக் குளிர்ல வாலிபப் பசங்களே போர்வையை விட்டு வெளிய வரமாட்டாங்க. இவ எனக்கு முன்னாடி எந்திரிச்சு, குல்லாவைப் போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னு குதிச்சுக்கிட்டு இருப்பா. "என்னங்க, நேரமாகுது, வாங்க." என்னைக் கூப்பிடறா! பி.டி. மாஸ்டரை!

ஒரு நாள் எனக்கு மூச்சு வாங்குச்சு. முந்தின நாள் சரியாத் தூங்கலை, அதான் காரணம். வழியில மூசா காக்கா டீக்கடையில கொஞ்சம் நின்னேன். பின்னாடி இந்திராணி வருவா, சேர்ந்து போயிக்கலாம்னு ரோட்டையே பாத்துட்டு நிக்கறேன். ஆளைக் காணோம். மூசா காக்கா டீயை ஆத்திக்கிட்டே, "யாரைப் பாக்கறீங்க மாஸ்டர்? டீச்சரம்மா போயி அஞ்சு நிமிஷமாச்சே"ன்னாரு. எங்கேயோ பனிமூட்டத்துக்குள்ள என்னைத் தாண்டிப் போயிருக்கா. நான் கவனிக்கவே இல்லை. கடையில இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. டீயைப் பாதியிலேயே வெச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

அன்னைக்கு என் வாட்ச்சுல அவ நேரம் எதுவும் இல்லை, அவதான் எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டாளே. மறுநாள் உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு நான் ஓடலை. வாசல்ல வாட்ச்சோட நின்னேன். அம்பத்தெட்டு நிமிஷத்துல வந்தா. ஊட்டிக் குளிர்ல, அந்த ஏத்த இறக்கத்துல அம்பத்தெட்டு. என் நேரம் அறுபது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அறுபத்திரண்டு"ன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. அது ஒரு பயிற்சி முறை. பசங்களுக்குக் குறைச்சுச் சொல்லி உற்சாகப்படுத்தறது உண்டு. இவளுக்குக் கூட்டிச் சொன்னேன். தலைக்கனம் வந்துடக் கூடாதில்ல? அவ நல்லதுக்குத்தான். அன்னைல இருந்து தினமும் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டித்தான் சொல்லுவேன். அவ முகம் வாடும். "இன்னும் சரியா வரலை இல்லீங்க?"ன்னு கேப்பா. "வரும், வரும், வயசாச்சில்ல"ன்னு ஆறுதல் சொல்லுவேன்.

அதுக்கு அவ என்ன பண்ணினா? இன்னும் வேகமா ஓடினா. சாயங்காலம் அங்கன்வாடி விட்டு வரும்போதும் அந்த மேட்டுல ஓடி வர ஆரம்பிச்சுட்டா. குழந்தைங்க எல்லாம் பின்னாடி கத்திக்கிட்டே ஓடி வரும். நான் கூட்டின நிமிஷத்தை எல்லாம் அவ குறைச்சுக்கிட்டே போறா. ஒரு ஆளு எவ்வளவுதான் கூட்டிச் சொல்ல முடியும்?

டிசம்பர் மொத வாரம் கோயம்புத்தூர்ல ஒரு கிளப்காரங்க பத்து கிலோமீட்டர் ஓட்டம் வெச்சாங்க. பழக்கத்துக்கு ஆகட்டும்னு ரெண்டு பேரும் போனோம். அங்க நெஞ்சுல குத்தற நம்பர்ல சிப் வெச்சிருப்பாங்க. நேரத்தை மெஷின் எடுக்கும். ஓடி முடிச்சதும் போன்ல மெசேஜ் வந்துச்சு. இந்திராணி, அம்பத்து மூணு நிமிஷம். நான் அம்பத்தாறு. அவ வயசுக்காரங்கள்ல ரெண்டாவதாம். பேப்பர்ல போட்டோகூட வந்துச்சு.

திரும்பி வர்ற பஸ்ஸுல போனையே பாத்துக்கிட்டு வந்தா. நானாவே சொன்னேன், கீழ சமவெளியில காத்து அடர்த்தி, மேட்டுல பழகினவங்களுக்கு நேரம் தானாக் குறையும்னு. அது உண்மைதான், அறிவியல். மறுநாள் காலையில அவ போன்லேயே நேரம் வெச்சுக்கிட்டு ஓடினா. வந்து நின்னா. நான் வாட்ச்சைப் பாத்து, "அம்பத்தொன்பது"ன்னேன். அவ தன் போனைப் பாத்தா. என்னைப் பாத்தா. "உங்க வாட்ச்சுக்கு வயசாயிடுச்சு போலிருக்குங்க. இனிமே வாசல்ல நிக்க வேண்டாம், குளிர்ல உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னா. உள்ள போய் இட்லி ஊத்தினா. அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஜனவரியில நடக்கற மெட்ராஸ் மாரத்தானுக்கு நான் பேர் குடுக்கும்போது எனக்கு முழு ஓட்டம், அவளுக்குப் பத்து கிலோமீட்டர்னு குடுத்திருந்தேன். அவ எங்க பொண்ணுக்குப் போன் பண்ணி, அதை முழு ஓட்டமா மாத்தச் சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நாப்பத்தெட்டு வயசுல நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினா முட்டி என்னத்துக்காகும்னு சொன்னேன். "உங்க முட்டிக்கு அம்பத்தஞ்சு ஆகுதே"ன்னா.

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டா உங்களுக்கே கோபம் வரும். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி எங்க ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே. முப்பது வருஷமா சுண்ணாம்புக் கோடு போட்டு, கொடி கட்டி, விசில் ஊதி நடத்தறவன் நான். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், இந்த வருஷம் பரிசு குடுக்க உங்க மிஸஸைக் கூப்பிடலாமா? பேப்பர்ல எல்லாம் வந்திருக்காங்களே"ன்னாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்ல முடியும்? பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மேடையில உக்காந்தா. நான் கீழ மைதானத்துல, கையில சுண்ணாம்பு. அவ மைக்கைப் பிடிச்சு, "எனக்கு ஓடச் சொல்லிக் குடுத்தது உங்க பி.டி. சார்தான்"னு சொன்னா. பசங்க எல்லாம் கை தட்டினாங்க. பெருந்தன்மை காட்டறாளாம். மேடையில நின்னுக்கிட்டு யாரு வேணும்னாலும் பெருந்தன்மை காட்டலாம் தம்பி.

எனக்குப் பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. பொண்டாட்டி மேல எவனாவது பொறாமைப்படுவானா? ஒரு வரைமுறை வேண்டாமான்னுதான் கேக்கறேன்.

சரி, நேத்து நடந்ததுக்கு வரேன். கடலோரமாவே போற பாதை. கடல்ல தாழ்வு நிலைன்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டு இருந்தாங்க. ஓட்டத்தை நிறுத்திடுவாங்கன்னு பாத்தா, நிறுத்தலை. அஞ்சு மணிக்குக் கிளம்பும்போதே மழை. சாதாரண மழை இல்லை, காத்து அதைப் படுக்கப்போட்டு மூஞ்சியில அறையுது. கிலோமீட்டர் எழுதி வெச்ச போர்டெல்லாம் சாஞ்சு கிடக்கு. கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஷூவுக்குள்ள ஒரு படி தண்ணி புகுந்துக்கிட்டு சளக் சளக்குன்னு சத்தம்.

அவ மஞ்சக் கலர்ல ஒரு ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு, "மெதுவாப் போங்க, மொத பத்து கிலோமீட்டர் மெதுவாப் போகணும்னு நீங்கதானே சொல்லுவீங்க"ன்னா. நான் சொல்றதுதான். எல்லாருக்கும் சொல்றதுதான். ஆனா அந்த மஞ்சக் கலர் எனக்குப் பின்னாடி வருதுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி மெதுவாப் போறது? விட்டேன் பாருங்க. மொத பத்து கிலோமீட்டரை அம்பத்து நாலுல முடிச்சேன். திரும்பித் திரும்பிப் பாத்தேன். மஞ்சளைக் காணோம். இருபதுலயும் காணோம். மனசுக்குள்ள ஒரு குளுமை தம்பி. என்னடா இப்படிச் சந்தோஷப்படறோமேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அடுத்த நிமிஷம் மறுபடியும் திரும்பிப் பாத்தேன்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டர். பாதை திரும்பினதும் காத்து நேருக்கு நேர். கெண்டைக்கால்ல யாரோ கம்பியைப் போட்டு முறுக்கின மாதிரி ஒரு இழுப்பு. அப்படியே விழுந்தேன். தண்ணி குடுக்கற இடத்துல இருந்த ஒரு காலேஜ் பொண்ணு ஓடி வந்து என்னை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, குப்பை போடற கறுப்புக் கவரைக் கிழிச்சு மேல போத்திவிட்டுச்சு. பல்லு தந்தி அடிக்குது. ஊட்டிக்காரன் மெட்ராஸ்ல குளிர்ல நடுங்கினேன்னு வெளிய எங்கேயும் சொல்லிடாதீங்க.

பத்து நிமிஷம் இருக்கும். மஞ்சக் கலர் வந்துச்சு.

என்னைப் பாத்ததும் நின்னுட்டா. "என்னங்க?"

"கால் பிடிச்சுக்கிச்சு."

ரோட்டுல மண்டி போட்டா. காலை நேராக்கி, கட்டை விரலைப் பிடிச்சு முட்டி பக்கமா இழுத்துவிட்டா. மழைத் தண்ணி அவ மூக்கு நுனியில இருந்து என் முழங்கால்ல சொட்டுது. "எந்திரிக்க முடியுதா?"

"முடியாது."

அந்தப் பொண்ணு, "ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு மேடம், நான் கூடவே இருக்கேன்"னுச்சு.

நான் சொன்னேன், "நீ போ."

"நிஜமாவா?"

"போன்னுதானே சொல்றேன்."

என் முகத்தைப் பாத்தா. நல்லாப் பாத்தா. அப்புறம் எந்திரிச்சு, கண்ணுல இருந்த மழையைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா.

திரும்பிக்கூடப் பாக்கலை தம்பி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தாலும் நான் கையைக் காட்டியிருப்பேன். போ போன்னு சிரிச்சுக்கூட இருப்பேன்.

அவ ஓடறதை நான் அதுவரைக்கும் சரியாப் பாத்ததில்லை. ஒண்ணு எனக்குப் பின்னாடி வருவா, இல்லைன்னா பனியில மறைஞ்சிடுவா. நேத்துதான் உக்காந்து பாத்தேன். தோள் அசையலை. முழங்கை ரெண்டும் இடுப்போட ஒட்டி, பாதம் தரையில பட்டதும் தெரியலை, எடுத்ததும் தெரியலை. அவ்வளவு காத்துல, பக்கத்துல ஓடற ஆம்பளைங்க எல்லாம் குனிஞ்சு தள்ளாடறாங்க, இவ நேரா நிமிர்ந்து போறா. முப்பது வருஷத்துல எத்தனை பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன். தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஒருத்தனுக்கும் வரலை. எனக்கும் வந்ததில்லை. எண்பத்தியேழுலயும் வந்ததில்லை. அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்காமலே வந்திருக்கு. மழை அவளை மறைக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். வயிறு பத்தி எரிஞ்சுது. அந்தக் குளிர்லயும் எரிஞ்சுது.

ஆம்புலன்ஸ்ல கொண்டு போய் முடியற இடத்துல ஒரு கூடாரத்துல படுக்க வெச்சு, ரெண்டு கம்பளி போத்தினாங்க. மைக்ல பேர் சொல்றது அங்கே நல்லாக் கேக்கும். நாலு மணி நேரம் நாப்பது நிமிஷம்னு அவ பேரைச் சொன்னாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்ட பொம்பளைங்கள்ல மூணாவது. நீலகிரின்னு ஊர் பேரையும் சேர்த்துச் சொன்னாங்க. கைதட்டல் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. என் காலுக்குச் செலவு பண்ணின அந்த ரெண்டு நிமிஷம் இல்லைன்னா ரெண்டாவது வந்திருப்பாளாம். அவ சொல்லலை. ரெண்டாவது வந்தவங்களுக்கும் இவளுக்கும் ஒண்ணரை நிமிஷம்தான் வித்தியாசம்னு பக்கத்துல ஒருத்தரு கணக்குப் பாத்துச் சொன்னாரு.

கொஞ்ச நேரத்துல அவ குரல் கேட்டுச்சு. "தவமணின்னு ஒருத்தரு... ஊட்டி... நீல ஷூ போட்டிருப்பாரு." ஒவ்வொரு கூடாரமா விசாரிச்சுக்கிட்டு வரா. நான் படுத்திருந்த இடத்துல இருந்து இருபதடி இருக்கும். கூப்பிட்டிருக்கலாம்.

கம்பளியை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

எதுக்குன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியலை. அவ அடுத்த கூடாரத்துக்குப் போனா. திரும்ப வந்தா. மழையிலதான் நடந்துக்கிட்டு இருந்தா. குரல் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. மொதல்ல விசாரிக்கற குரலா இருந்தது, அப்புறம் பயந்த குரல் ஆயிடுச்சு. ஒரு டாக்டர்கிட்ட, "பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கொண்டு போனீங்களா?"ன்னு கேக்கறா. அப்பவும் நான் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் குரலைக் கேக்கக் கேக்க எனக்கு... சொல்லக் கூடாது. நல்லா இருந்துச்சு தம்பி. மெடல் வாங்கினவ என்னைத் தேடறாளேன்னு.

கடைசியில கம்பளிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த ஷூவைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா. மூஞ்சியில இருந்து கம்பளியை விலக்கினா. நான் தூங்கற மாதிரி கண்ணை மூடியிருந்தேன். "முழிச்சுத்தான் இருக்கீங்க"ன்னா. பக்கத்துல உக்காந்து என் தலையைத் துவட்டினா.

நான் கேட்டுட்டேன். "போன்னு சொன்னா போயிடுவியா?"

துவட்டறதை நிறுத்தலை. நிதானமாச் சொன்னா. "இருபத்தாறு வருஷமா நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் நடந்திருக்கேன். நீங்க சொன்னதும் எனக்குப் பிடிச்சதும் ஒண்ணா இருந்தது நேத்து வரைக்கும் ஒரு நாளும் இல்லை. இன்னைக்குத்தான் இருந்துச்சு. அதான் போனேன்."

இதை உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நீங்க சொல்லுங்க, தப்பு யாரு மேல?

என்ன, சிரிக்கறீங்க?

பர்லியாறு வந்துடுச்சா? டீக்குடிக்க பஸ்ஸைப் பத்து நிமிஷம் நிறுத்துவான். இறங்கறதுன்னா இறங்குங்க தம்பி, நான் இறங்க முடியாது. பத்து நாளைக்கு ஓடக் கூடாது, அதிகமா நடக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு மட்டும்தான். அவ காலையும் அமுக்கிப் பாத்துட்டு, உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா, நாளன்னைக்கே ஓடலாம்னுட்டாரு. பத்து நாள். பத்து நாள்ல அவ எங்க போயிருப்பா சொல்லுங்க.

எந்திரிச்சுட்டா பாருங்க. இறங்கறா. கம்பியைக்கூடப் பிடிக்கலை. நேத்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடின பொம்பளை, படியில இறங்கும்போது ஒரு கால், ஒரே ஒரு கால், கொஞ்சம் நொண்டக் கூடாதா?